பிழை காட்டும் சுற்றே பழுதானால்? 8 பிட் பாரிட்டி செக்கரைத் தன்னைத்தானே சோதிக்க வைப்பது

நெல்பேனல் (அக்கரைப்பற்று):

அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் நெல் உலர்த்திக்கு கன்ட்ரோல் போர்ட் ஒன்று செய்கிறேன். அர்டுயினோ ஊனோ என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டிலிருந்து 8 பிட் கட்டளை 3 மீற்றர் ரிப்பன் கேபிளில் ரிலே போர்டுக்குப் போகுது. ஒன்பதாவது கம்பியில் பாரிட்டி பிட், ஒற்றை பாரிட்டி. அதாவது ஒன்பது கம்பியிலும் சேர்த்து 1களின் எண்ணிக்கை ஒற்றையாக வரவேணும்.

ரிலே போர்டில் 74எச்சி280 (1களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று பார்க்கும் சிப்) ஒன்று கிடக்கு. 6ஆம் கால் ஒற்றை வெளியீடு, 5ஆம் கால் இரட்டை வெளியீடு. பிழையான சொல் (ஒன்பது பிட்டும் சேர்ந்தது) வந்தால் 5ஆம் கால் 1 ஆகி சிவப்பு எல்ஈடி எரியும். டேட்டா பிட் ஒன்றை வேணுமென்று மாற்றி அனுப்பிப் பார்த்தேன், எரிந்தது. பிறகு 280ஐ சொக்கெட்டிலிருந்தே கழற்றினேன். எல்ஈடி எரியவில்லை, "எல்லாம் சரி" என்று காட்டிக்கொண்டு நிற்குது!

இரண்டு 280 போட்டு ஒப்பிட்டால் போதுமா? அந்த ஒப்பிடும் சுற்று பழுதானால் என்ன? இல்லாவிட்டால் 5ஆம், 6ஆம் கால்கள் எப்போதும் ஒன்றுக்கொன்று எதிராகத்தானே நிற்குது, அவற்றையே இரட்டைக் கம்பியாக எடுக்கலாமா? தெரிந்த நானாமார், அண்ணாமார் சொல்லுங்கள்.

வாவிக்கரை (மட்டக்களப்பு):

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவோம். அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்.

280இன் 5ஆம், 6ஆம் கால்கள் எதிரெதிராக நிற்பது உண்மை. ஆனால் சரியான சொல்லுக்கு 6=1, 5=0. பிழையான சொல்லுக்கு 6=0, 5=1. பிழை வந்தாலும் அவை எதிரெதிரேதான். ஆகவே "இரண்டும் எதிரா" என்று பார்ப்பதால் ஒன்றும் பிடிபடாது. இதைவிட மோசமான விஷயம் வேறு ஒன்று இருக்கு. பிழை வராத நாளெல்லாம் 6ஆம் கால் 1இலேயே நிற்கும். அது உள்ளே உடைந்து 1இல் ஒட்டிப்போனாலும் உனக்கு வித்தியாசம் தெரியாது. நாள் முழுக்க அசையாத கம்பி உயிரோடு இருக்கா செத்துப்போச்சா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

இதற்கான வழி பழையது. 1968இல் கார்ட்டர், ஷ்னைடர் இருவரும் முன்வைத்தார்கள். 1973இல் அண்டர்சன், மெட்ஸ் அதை ஒழுங்கான வரையறைக்குக் கொண்டு வந்தார்கள். செக்கருக்கு ஒரு வெளியீடு போடாதே, இரண்டு போடு. 01, 10 இரண்டும் "சரி". 00, 11 இரண்டும் "பிழை". வழமையான வேலை நடக்கும்போதே அந்த இரண்டு கம்பியும் 01, 10 என்று மாறி மாறி ஆடவேணும். அப்போது எந்தக் கம்பி ஒட்டிக்கொண்டாலும், மற்றது ஆடும் நேரத்தில் 00 அல்லது 11 தானாக வெளிவரும். பிழை டேட்டாவில் என்றாலும் செக்கரில் என்றாலும் அடையாளம் ஒன்றுதான்.

ஒற்றை பாரிட்டியில் இது இலகு. ஒன்பது பிட்டையும் இரண்டு கூட்டமாகப் பிரி. மொத்தம் ஒற்றை என்றால் ஒரு கூட்டம் ஒற்றையாகவும் மற்றது இரட்டையாகவும்தான் இருக்க முடியும். ஆகவே இரண்டு கூட்டத்தின் எக்ஸ்ஓஆர் (1களின் எண்ணிக்கை ஒற்றை என்றால் 1 தருவது) விடைகளும் எப்போதும் எதிரெதிர். ஒரு பிட் புரண்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். 280ஐத் தேடி அலையத் தேவையில்லை, நாலு எக்ஸ்ஓஆர் கேட் உள்ள 74எச்சி86 இரண்டு போதும். கூட்டத்துக்கு ஒரு சிப் என்று வை. ஒரே சிப்பில் இரண்டையும் கலந்தால் சிப் பழுதாகும்போது இரண்டு கம்பியும் சேர்ந்து பொய் சொல்ல வழியுண்டு.

முதல் 86: பிட் 0, 1 போவது 1, 2ஆம் கால்களுக்கு. பிட் 2, 3 போவது 4, 5க்கு. 3ஐ 9க்கும் 6ஐ 10க்கும் இழு. 8ஐ 12க்குக் கொடுத்து 13இல் பாரிட்டி பிட்டைப் போடு. 11இல் வருவதற்கு "கீழ்" என்று பெயர் வைப்போம்.

இரண்டாவது 86: பிட் 4, 5 போவது 1, 2க்கு. பிட் 6, 7 போவது 4, 5க்கு. 3ஐ 9க்கும் 6ஐ 10க்கும் இழு. 8இல் வருவது "மேல்". மிஞ்சும் 12, 13ஐ நிலத்தில் போடு, மிதக்க விடாதே.

இனி பிழையைப் பிடித்து வைப்பது. ஊனோ அனுப்பும் 10 கிலோஹேர்ட்ஸ் கிளொக்கில் (சொல்லுக்கு ஒரு துடிப்பு) ஒரே ஒரு துடிப்புக்கு வரும் பிழை கண்ணுக்குப் படாது. சிலர் இங்கே ஆர்எஸ் லட்ச் (வந்ததை உடனே பிடித்து வைக்கும் சுற்று) ஒன்றைச் சொருகுவார்கள். அது இரண்டு பிட் மாறும் இடைவெளியில் வரும் நானோசெக்கன் குப்பையையும் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கக் கத்தும். கிளொக் துடிப்பில் மட்டும் உள்ளீட்டைப் பிடித்து வைக்கும் ஃபிளிப்ஃப்ளொப் இரண்டு போட்டு, அவற்றின் வெளியீட்டையே திருப்பி செக்கருக்குள் விடு. அவற்றுக்கு "இடம்", "வலம்" என்று பெயர்.

அடுத்த இடம் = (மேல், இடம் இரண்டும் 1) அல்லது (கீழ், வலம் இரண்டும் 1)
அடுத்த வலம் = (மேல், வலம் இரண்டும் 1) அல்லது (கீழ், இடம் இரண்டும் 1)

ஒருமுறை இடம், வலம் 00 ஆகிவிட்டால் அடுத்தும் 00தான், போட்டுப் பார். 11 ஆனால், நல்ல சொல் வந்துகொண்டிருக்கும் காலமெல்லாம் 11ஆகவே நிற்கும். இடையில் 00 உள்ளே வந்தால் 00 ஆகும். எப்படியும் 01, 10க்குத் திரும்பாது. தனி லட்ச் தேவையில்லை.

இதை நான்ட் கேட்டில் (எல்லா உள்ளீடும் 1 என்றால் மட்டும் 0 தருவது) செய். முதல் 74எச்சி00: 1=மேல், 2=இடம், 4=கீழ், 5=வலம். 3ஐ 9க்கும் 6ஐ 10க்கும் கொடு. 8ஆம் கால் 74எச்சி74இன் (ஃபிளிப்ஃப்ளொப் இரண்டும் உள்ள சிப்) 2ஆம் காலுக்கு. இரண்டாவது 74எச்சி00: 1=மேல், 2=வலம், 4=கீழ், 5=இடம், மிச்சம் அதேபோல். 8ஆம் கால் 74எச்சி74இன் 12ஆம் காலுக்கு. எச்சி74இல் 3உம் 11உம் கிளொக். 1உம் 10உம் 5 வோல்ட்டில். 4ஐயும் 13ஐயும் சேர்த்து 10 கிலோஓம் வழியே 5 வோல்ட்டுக்கு இழுத்து, நிலத்துக்கு ஒரு பொத்தான். அழுத்தினால் இடம்=1, வலம்=0 என்று தொடங்கும். 5ஆம் கால் இடம், 9ஆம் கால் வலம். ஒவ்வொரு சிப்பின் காலடியிலும் 100 நானோஃபரட் ஒன்று.

பொத்தானுக்குப் பதில் கப்பாசிட்டர் போட்டுத் தானாக ரீசெட் ஆக வைக்காதே. ஆலையில் பெரிய மோட்டர் ஸ்டார்ட் ஆகும்போது வோல்ட்டேஜ் ஒரு இறங்கு இறங்கும், பிடித்து வைத்த பிழையும் அதோடு அழிந்துபோகும். கரண்ட் வந்ததும் ஃபிளிப்ஃப்ளொப் எந்த நிலையில் எழும்பும் என்று சொல்ல முடியாது. 00இல் எழும்பினால் ஒரு ஆள் வந்து பார்த்துவிட்டு அழுத்தட்டும்.

காட்டுவதற்கு இரு கால் இருநிற எல்ஈடி, சிவப்பு பச்சை எதிரெதிராக உள்ளது. அதை 1 கிலோஓம் ரெசிஸ்டரோடு 5க்கும் 9க்கும் குறுக்கே போடு. ஏறத்தாழ 3 மில்லியாம்பியர் ஓடும், எச்சி சிப்பின் 4 மில்லியாம்பியருக்குள் அடங்கும். வேலை நடக்கும்போது இரு நிறமும் வேகமாக மாறி மஞ்சள் மாதிரித் தெரியும். பிழை என்றால் அணைந்துவிடும். எல்ஈடி செத்தாலும், கம்பி அறுந்தாலும், சப்ளை போனாலும் அணைந்துவிடும். உன் பழைய சுற்றில் இருட்டுக்கு "சரி" என்று அர்த்தம், இதில் இருட்டுக்குப் பிழை என்று அர்த்தம்.

ஒலுவில் அலை:

நானா சொன்ன சுற்று சரி. கேபிள் பக்கம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்பது கம்பிக்கும் ரிலே போர்ட் பக்கத்தில் 10 கிலோஓம் புல்டவுன் (கம்பியை நிலத்துக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) போடவேணும், புல்அப் (5 வோல்ட்டுக்கு இழுப்பது) போடக்கூடாது. கேபிள் கழன்றால் புல்டவுனில் ஒன்பதும் 0, எண்ணிக்கை இரட்டை, பிழை என்று பிடிபடும். புல்அப்பில் ஒன்பதும் 1 ஆகும். ஒன்பது ஒற்றை எண்! கேபிளே இல்லாத போர்ட் 255 என்ற கட்டளையை "சரியான சொல்" என்று எடுத்து எட்டு ரிலேயையும் இழுத்துவிடும்.

கிளொக் கம்பிக்கும் புல்டவுன் போடுங்க. ஊனோ பூட் ஆகிற நேரம் அதன் கால்கள் எல்லாம் மிதக்கும், அப்போது கண்டபடி கிளொக் விழும். 8 பிட்டையும் போர்ட் டி ஒன்றிலேயே எடுத்தால் 0, 1ஆம் கால்கள் யூஎஸ்பி சீரியலோடு பங்கு. புரோகிராம் ஏற்றும்போது எல்ஈடி அணைந்தால் பயப்படத் தேவையில்லை, ஏற்றி முடித்து பொத்தானை அழுத்துங்க.

ரிப்பனில் சிக்னலுக்கு ஒரு நிலம் என்று மாற்றி மாற்றி விடுங்க. பிரெட்போர்டில் சோதிக்கலாம், ஆலைக்குக் கொண்டுபோகக் கூடாது. நம்ம கரையோர உப்புக்காற்றில், அதுவும் மாரி காலத்தில், மலிவான ஐசி சொக்கெட்டும் பிரெட்போர்ட் கிளிப்பும் சீக்கிரம் பச்சை பிடிக்கும். சிப்பை நேரே பற்றவைத்து, சோதித்து முடிந்ததும் போர்டுக்கு லக்கர் அடியுங்க.

பொலிடெக் (கல்முனை):

இவ்வளவு சிப் எதற்கு? ரிலே பக்கத்தில் இன்னொரு ஊனோவை வைத்து சீரியலில் சிஆர்சியோடு (டேட்டாவிலிருந்து கணக்கிட்டுக் கூடவே அனுப்பும் சரிபார்ப்பு எண்) அனுப்பினால் பாரிட்டியைவிடப் பல மடங்கு பிழை பிடிக்குமே.

வாவிக்கரை (மட்டக்களப்பு):

கேபிளில் வரும் பிழைக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. பாரிட்டி இரண்டு பிட் சேர்ந்து புரண்டால் கண்ணை மூடிக்கொள்ளும், சிஆர்சி அப்படி விடாது. ஆனால் தம்பி கேட்டது வேறு. சிஆர்சியைச் சரிபார்த்து முடித்த இரண்டாவது ஊனோ "சரி" என்பதை ஒரு காலில் 1 என்று சொல்லும். அந்தக் கால் 1இல் ஒட்டிப்போனால் மறுபடி 280 கதைதான். எதை எடுத்தாலும் கடைசியில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு சமிக்ஞையில் வந்து நிற்கவேணும். டிஎம்எஸ்570 போல இரண்டு கோர் ஒன்றாக ஓடி விடையை ஒப்பிடும் சிப்களிலும், ஒப்பிடும் பகுதிக்கென்றே தனியாக ஒரு சுயசோதனை உள்ளே வைத்திருக்கிறார்கள். காரணம் இதேதான்.

நெல்பேனல் (அக்கரைப்பற்று):

கட்டிவிட்டேன். மஞ்சள் தெரியுது, பிட் மாற்றினால் அணையுது, புல்டவுனும் போட்டாச்சு. சோதனைக்கு ஊனோ நாலு சொல்லைத் திரும்பத் திரும்ப அனுப்புது: 0, 174, 121, 215. எக்ஸ்ஓஆர் கேட் ஒவ்வொன்றுக்கும் 00, 01, 10, 11 நாலு உள்ளீடும் கிடைக்கிற மாதிரிக் கணக்குப் போட்டு எடுத்தது.

பழுதை நானே உண்டாக்கிப் பார்க்கிறேன். ஒரு கம்பியைக் கழற்றி, அடுத்த கேட்டின் உள்ளீட்டை 5 வோல்ட்டிலோ நிலத்திலோ பிடித்துவிட்டு, எல்ஈடி அணையுதா என்று பார்ப்பது. 86 பக்கம் எல்லாம் பிடிபட்டது. 00 பக்கம் பார்த்தவற்றில் ஒன்று பிடிபடவில்லை. இரண்டாவது 00இல் 3ஆம் காலுக்கும் 9ஆம் காலுக்கும் இடையிலான கம்பியைக் கழற்றி 9ஐ 5 வோல்ட்டில் போட்டால், எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் மஞ்சள்தான். சிப் மாற்றியும் பார்த்தாச்சு.

வாவிக்கரை (மட்டக்களப்பு):

சிப்பில் பிழையில்லை, சொல் வரிசையில்தான் ஓட்டை. நல்ல இடத்தில் பிடித்தாய்.

முதலில் உன் நாலு சொல்லையும் சரிபார்ப்போம். துவிதத்தில் 00000000, 10101110, 01111001, 11010111. பாரிட்டி முறையே 1, 0, 0, 1. "மேல்" வருவது 0, 0, 1, 1. எக்ஸ்ஓஆர் மரத்துக்கு இது கச்சிதம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான்ட் பகுதிக்கு "மேல்", "இடம்" இரண்டும் சேர்ந்து 00, 01, 10, 11 என்ற நாலு சோடியும் வரவேணும். மேல்=0 வரும்போதெல்லாம் இடம் புரளும், மேல்=1 வரும்போது அப்படியே நிற்கும். பொத்தானை விட்டதும் இடம்=1. முதல் சொல்லில் புரண்டு 0, இரண்டாவதில் புரண்டு மறுபடி 1. மூன்றாம், நாலாம் சொல்லுக்கு 1ஆகவே நிற்கும். அடுத்த சுற்றும் அச்சு மாறாமல் இதேதான். ஆகவே மேல்=1, இடம்=0, வலம்=1 என்ற சோடி ஒருநாளும் வராது. நீ கழற்றியது மேலையும் வலத்தையும் சேர்க்கும் கேட். அதற்கு வேலையே வரவில்லை, வேலை இல்லாதவன் சுகமில்லாமல் இருப்பது யாருக்குத் தெரியும்?

ஒரு சுற்றில் மேல்=0 சொற்கள் இரண்டு இருப்பதுதான் காரணம். இரட்டை எண்ணிக்கை என்றால் இடம் தொடங்கிய நிலைக்கே திரும்பும். ஒற்றையாக்கு, போதும். 0 என்ற சொல்லை இரண்டு தடவை அனுப்பு: 0, 0, 174, 121, 215. இப்போது சுற்றுக்குச் சுற்று தொடக்கம் மாறும், இரண்டு சுற்றுக்குள், அதாவது 10 துடிப்புக்குள், நாலு சோடியும் வந்துவிடும்.

அவசரப்பட்டு முடித்துவிடாதே. உண்மையான கட்டளையும் இதே கம்பியில்தான் போகும். ஒரு சுற்றுக்கு ஒரு கட்டளை என்று வைத்து, அந்தக் கட்டளைக்கு மேல்=0 என்றால் மொத்தம் நாலு, மறுபடி இரட்டை, பழையது போன்ற ஓட்டை திறந்துவிடும். அந்தக் கட்டளை மணிக்கணக்கில் மாறாமல் நின்றால் ஓட்டையும் மணிக்கணக்கில் நிற்கும். அதனால் ஐந்து சொல் சுற்றை அடுத்தடுத்து இரண்டு தடவை ஓட்டி, பிறகு கட்டளையை அனுப்பு. எந்த நிலையில் தொடங்கினாலும் 10 துடிப்பில் எல்லாம் சோதித்து முடிந்திருக்கும்.

சோதனைச் சொல் ரிலேக்களை ஆட்டக்கூடாது என்பது தெரிந்திருக்கும். ரிலேக்களுக்கு முன்னால் 74எச்சி574 (எட்டு பிட்டைப் பிடித்து வைக்கும் சிப்) ஒன்று வைத்து, கட்டளை வரும்போது மட்டும் தனிக் கம்பியில் ஸ்ட்ரோப் ("இப்போது பிடித்து வை" என்னும் துடிப்பு) கொடு. அந்த ஸ்ட்ரோப் கம்பியையும் 574ஐயும் இந்தச் செக்கர் பார்க்காது. அது தெரிந்து விட்டுவைத்த இடம் என்று வரைபடத்திலேயே குறித்து வை.

கல்லடிக் கரை:

வாவிக்கரை அண்ணா, ஒரு இடம் தப்பிவிட்டது. ரீசெட் கம்பி நிலத்தில் ஒட்டினால்? பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டாலே போதும். இடம்=1, வலம்=0 என்று பிடித்து வைக்கும். 10 என்பது "சரி". டேட்டாவில் எத்தனை பிழை வந்தாலும் எல்ஈடி ஒரே நிறத்தில் எரிந்துகொண்டே இருக்கும், அணையாது.

ஆகவே "எரிந்தால் சரி" என்று எழுதி ஒட்டக்கூடாது. மஞ்சள் மட்டும்தான் சரி. தனிச் சிவப்பு, தனிப் பச்சை, இருட்டு மூன்றும் பழுது. கிளொக் நின்றாலும் தனி நிறம்தான் வரும்.

ஆலையில் அந்த எல்ஈடியைப் பார்த்துக்கொண்டு யாரும் நிற்கப்போவதில்லை. நிறத்தைக் கண்ணுக்கு விடாமல் ரிலே சப்ளையை அதில் கட்டுங்கள். எச்சி74இன் 6ஆம் காலிலிருந்து 100 ஓம், அதற்குப் பின் 220 நானோஃபரட், பிறகு 1என்4148 டயோட் இரண்டு. ஒன்று நிலத்திலிருந்து மேலே, மற்றது 10 மைக்ரோஃபரட்டுக்குள். அங்கிருந்து 1 கிலோஓம் வழியாக பிசி337 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு, கலெக்டரில் 5 வோல்ட் ரிலே. 10 கிலோஹேர்ட்ஸ் கிளொக்கில் உங்கள் சொல் வரிசைக்கு 10 துடிப்பில் 3 முறை மேலேறும், அதாவது 3 கிலோஹேர்ட்ஸ். பேஸுக்கு 1 மில்லியாம்பியருக்குச் சற்று மேலே கிடைக்கும், 70 மில்லியாம்பியர் சுருளுக்குக் காணும். சுருளுக்குக் குறுக்கே 1என்4007ஐ மறக்கவேண்டாம். மற்ற எட்டு ரிலேயின் சப்ளையும் இந்த ரிலேயின் கொண்டாக்ட் வழியாகப் போகட்டும்.

6ஆம் கால் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கு. 5ஆம் காலில் எடுத்தால், கப்பாசிட்டர் சார்ஜ் ஆகிற நேரம் அந்தக் காலின் வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கும். அது நான்ட் கேட்டுக்குத் திரும்பிப் போகும் கால். கிளொக்கைக் கூட்டினால் பொய்ப் பிழை வர வழியுண்டு. 6ஆம் கால் திரும்பிப் போவதில்லை.

ஆட்டம் நின்றால் சில பத்து மில்லிசெக்கனில் ரிலே விழும். ஊனோ தொங்கினாலும் இதேதான், தனி வொச்டோக் (தொங்கியதைக் கண்டுபிடிக்கும் காவல் சுற்று) தேவையில்லை. மிஞ்சுவது அந்த ரிலேயின் கொண்டாக்ட் ஒட்டிப்போவது. நாளுக்கொருமுறை தொடங்கும்போது ஊனோ வேணுமென்றே பிழைச் சொல் ஒன்றை அனுப்பி, சப்ளை விழுகுதா என்று ஒரு காலில் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கட்டும்.

நெல்பேனல் (அக்கரைப்பற்று):

வரிசையை 0, 0, 174, 121, 215 என்று மாற்றினேன். பிடிபடாமல் நின்ற அந்த 9ஆம் கால் பழுது, பொத்தானை விட்டதும் நாலாவது துடிப்பிலேயே, 121 போகும்போது, பிடிபட்டது. இடம் 0, வலம் 0.

பொத்தானை அழுத்திப் பிடித்தால் தனி நிறம், கல்லடி அண்ணா சொன்னபடியே. அந்தச் சப்ளை ரிலேக்கு பிசி337 கையில் இல்லை, பிசி547தான் கிடக்கு. போடலாமா?

கல்லடிக் கரை:

பிசி547க்கு உச்சவரம்பு 100 மில்லியாம்பியர். 70இல் உயிரோடு இருக்கும். ஆனால் 1 மில்லியாம்பியர் பேஸுக்கு அது முழுசாகத் திறக்கும் என்று நம்ப முடியாது. அரைகுறையாய்த் திறந்தால் ரிலே சுருளுக்கு 4 வோல்ட்கூட வராது, கடகடவென்று அடிக்கும். 337 வரும்வரை ரிலேயைப் போடாமல், 547இன் கலெக்டரில் 1 கிலோஓமும் ஒரு எல்ஈடியும் வைத்து மற்றதையெல்லாம் சோதித்து முடியுங்கள்.